பத்தியம் இல்லாத காமாலை

சாப்பாட்டு மணி அடித்ததும் குழாயடியில் நடப்பதற்குக் கை கழுவுதல் என்று பெயர். உண்மையில் அது குளியல். மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவு முழுவதும் ஒரே குழாயை நம்பிப் பிறந்ததுபோல முண்டியடிக்கும். வகுப்பாசிரியை ஷஃபானா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒன்றைத் தள்ளி, ஒன்றை இழுத்து, ஒன்றின் மூக்கைத் துடைத்து அனுப்புவாள். கடப்பாக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, கல்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஈ.சி.ஆர். ஓரமாக இருக்கும் இந்தத் தனியார் பள்ளிக்கு வந்து அவள் பார்க்கிற வேலையில் பாதி இதுதான். மீதிப் பாதிதான் பாடம் நடத்துவது.

அன்றைக்கு ரோஹித் முண்டியடிக்கவில்லை. எல்லாரும் போகட்டும் என்று நின்று, கடைசியாக வந்து, வலது கையை மட்டும் நீட்டினான். இடது கை வயிற்றோடு ஒட்டியிருந்தது.

"ரெண்டு கையும் கழுவுடா ராஜா," என்று அவளே அந்தக் கையையும் இழுத்துக் குழாய்க்கு அடியில் வைத்தாள். முழங்கைக்குக் கீழே வெள்ளையாக எதுவோ அப்பியிருந்தது. பல் விளக்குகிற பேஸ்ட். தண்ணீர் பட்டதும் அது கரைந்து ஓடியது. அடியில் தோல் உரிந்து, சிவந்து, நீர் கோத்த புண். கரண்டியின் விளிம்பு போல வளைந்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஆறிக் கறுத்துப்போன பழைய தழும்பு ஒன்று, அதே அளவில், அதே வளைவில்.

ஷஃபானா இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் பையன் சொல்லிவிட்டான்.

"காமாலைக்கு சூடு வெச்சது மிஸ்."

எட்டு வயதுப் பிள்ளை, கேட்ட கேள்விக்கே பாதிப் பதில்தான் சொல்லும். இவன் கேட்காத கேள்விக்கு முழுப் பதில் சொல்கிறான்.

அவனை வகுப்புக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, டிபன் டப்பாவை அவளே திறந்து கொடுத்தாள். எண்ணெய் மினுங்கும் பூரி, காரமாகத் தாளித்த உருளைக்கிழங்கு, ஓரத்தில் ஒரு ஆம்லெட். பையன் பசியோடு தின்றான். அவள் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தியம் எங்கே போயிற்று?

காமாலை கண்ட வீட்டில் என்ன நடக்கும் என்று ஷஃபானாவுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளுக்கே வந்திருக்கிறது. ஊரில் ஒருவரிடம் கூட்டிப்போய், கம்பியைக் காய்ச்சி முன்கையில் ஒரு சூடு வைத்தார்கள். அது மடத்தனம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதுதான் வைத்தியம். சூட்டைவிடக் கொடுமை அதற்குப் பிறகு வந்த பத்தியம். எண்ணெய் கிடையாது, உப்பு கிடையாது, காரம் கிடையாது, கறி மீனை நினைக்கவே கூடாது. அக்கம்பக்கத்தில் மீன் பொரிக்கிற வாசனை வந்தால் உம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். மோர்ச்சோறே கதி என்று கிடந்தாள். காமாலை என்று நம்பிப் பிள்ளைக்குச் சூடு வைக்கிற வீடு, மறுநாளே பூரி சுட்டுக் கொடுத்து அனுப்பாது.

கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்களாம். இங்கே கதை அதைவிட மோசம். நெய் வடிகிறது என்று முதலில் சொன்னதே ஷஃபானாதான்.

அது போன மாதம். மழை தொடங்கிய நேரம், வகுப்பில் இரண்டு பிள்ளைகள் காமாலையில் படுத்திருந்தார்கள். ரோஹித்தின் கையில் அந்த முதல் சூட்டைப் பார்த்ததும், "இன்னாடா இது?" என்று கேட்டாள். பையன் தரையைப் பார்த்தான். பதில் வருகிறவரை நிற்க அவளுக்கு எங்கே நேரம்? அடுத்த மணி அடித்தாயிற்று, பின் பெஞ்சில் இரண்டு பேர் கட்டிப் புரளுகிறார்கள். "காமாலைக்கு சூடு வெச்சாங்களா?" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். போதாததற்கு, தன் முழுக்கை ரவிக்கையைச் சுருட்டி, நெல்மணி நீளத்துக்கு இருந்த தன் தழும்பையும் காட்டினாள். "பாரு, மிஸ்ஸுக்கும் கீது. பயப்படாத, சரியாயிடும்." பையன் அவள் கையைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், தலையை ஆட்டினான். ஒரு பிள்ளைக்குத் தைரியம் சொல்லிவிட்ட நிம்மதியோடு அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவனுடைய அப்பா பார்த்திபன் கல்பாக்கம் அணுமின் நிலைய டவுன்ஷிப்வாசி, நல்ல வேலையில் இருப்பவர். லேசாகக் காய்ச்சல் என்றாலே ரத்தம் எடுத்துப் பார்க்கிற வீடு. அந்த வீட்டிலா கம்பி காய்ச்சிக் காமாலை இறக்குவார்கள் என்று அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தன் வீட்டில் நடந்தது எல்லார் வீட்டிலும் நடக்கும் என்று மனுஷி நினைத்துவிட்டாள்.

இத்தனைக்கும் ஜூனில் பள்ளி திறந்தபோது ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். செங்கல்பட்டிலிருந்து வந்த பெண் படித்துப் படித்துச் சொன்னாள்: பிள்ளையிடம் என்ன நடந்தது என்று கேளுங்கள், பதிலை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். எல்லாரும் தலையாட்டிவிட்டுச் சமோசா தின்றார்கள். ஷஃபானாவும் தின்றாள். இப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. சாயங்காலம் வேன் கிளம்பும். அதில் ஏறினால் பையன் அந்தக் கரண்டி இருக்கிற வீட்டுக்குத்தான் போவான்.

பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரோஹித்தை ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பிரின்சிபல் அறைக்குள் போனாள்.

பிரின்சிபல் லக்ஷ்மிநாராயணன் கெட்டவர் அல்ல, பயந்தவர். கெட்டவரோடுகூட மல்லுக்கு நிற்கலாம், பயந்தவரை அசைப்பதுதான் பெரும்பாடு. அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுப் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"மேடம், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். டிபன் பாக்ஸ்ல பூரி இருந்துதுன்னு ஒரு அப்பா மேல பழி போட முடியுமா?"

"பழி போடல சார். சந்தேகப்படறேன். சந்தேகம் வந்தாலே சொல்லணும்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க."

"சொல்லிட்டீங்களே, என்கிட்ட. நான் அவரக் கூப்பிட்டு நைஸா கேக்கறேன். பார்த்திபன் சார் தங்கமான மனுஷன். ஆண்டு விழாவுக்கு மைக் செட்டு, சேரெல்லாம் அவர்தான் ஏற்பாடு பண்ணினாரு."

"நீங்க அவரக் கேட்டீங்கன்னா, ராத்திரி அவரு பையனக் கேப்பாரு சார்."

பிரின்சிபல் பதில் சொல்லுமுன் கதவு திறந்தது. ஆபீஸ் வேலை பார்க்கும் ஜோதிலட்சுமி தலையை நீட்டினாள்.

"சார், ரோஹித்து வூட்டுக்கு போன் போட்டுட்டேன். குழாயாண்ட பாத்தேன், புண்ணு பெருசா கீது. அவுங்கப்பா இப்பவே வந்துகினு கீறேன்னாரு."

ஜோதிலட்சுமி மேல் குற்றம் இல்லை. இந்தப் பள்ளியில் அதுதான் வழக்கம். எந்தப் பிள்ளை உடம்பில் எந்தக் காயம் தெரிந்தாலும் உடனே வீட்டுக்குப் போன் போய்விட வேண்டும். அடி எங்கள் வளாகத்தில் படவில்லை என்று பள்ளி முந்திக்கொள்ள வேண்டும் அல்லவா? முட்டி தேய்ந்தாலும் போன், கொசு கடித்து வீங்கினாலும் போன். பள்ளியைக் காப்பாற்ற வைத்த வழக்கம், யாரிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமோ அவரையே பைக்கில் ஏற்றி வரவழைத்துவிட்டது.

"சார், நான் 1098-க்குப் பேசப்போறேன்," என்றாள் ஷஃபானா.

"மேடம், ஸ்கூல் பேரு கெட்டுடும். கரஸ்பாண்டன்ட் உங்களத்தான் கேப்பாரு. யோசிங்க."

"அப்ப நீங்க பேசுங்க சார்."

அவர் போனை எடுக்கவில்லை. அவள் வெளியே வந்தாள்.

மாடிப்படிக்கு அடியில் நின்றுகொண்டு, கணவன் தமீமுக்கு ஒரு வார்த்தை சொல்லலாமா என்று நினைத்தாள். கடப்பாக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற மனுஷன். "நமக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?" என்பார். அன்பாகத்தான் சொல்வார், அதுதான் ஆபத்து. அவர் சொன்னால் தான் நின்றுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவரைக் கூப்பிடாமல் நேராக 1098-ஐ அழுத்தினாள்.

எடுத்த பெண் பதறவில்லை. பிள்ளையின் வயது, காயம் எங்கே, எப்படி இருக்கிறது, பள்ளி எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"மேடம், என்கிட்ட சாட்சி ஒண்ணும் இல்ல," என்றாள் ஷஃபானா. "பையன் வாய் தொறந்து எதுவும் சொல்லல. ஒருவேளை நான் நெனைக்கறது தப்பா இருந்தா?"

"சந்தேகம் போதும் மேடம். கண்டுபிடிக்கறது எங்க வேல. உங்க பேரு வெளிய வராது. பையனக் கேள்வி மேல கேள்வி கேக்காதீங்க, தனியா விடாதீங்க. செங்கல்பட்டுலேர்ந்து ஆளுங்க கிளம்பறாங்க."

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக, இந்த மழையில், அவ்வளவு சீக்கிரம் வந்துவிட முடியாது. டவுன்ஷிப்போ கூப்பிடு தூரம். ஷஃபானா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யா அல்லா, அவர்கள் முதலில் வரட்டும் என்று வேண்டினாள். வேண்டி முடிப்பதற்குள் கேட்டில் பைக் சத்தம் கேட்டது.

பார்த்திபன் பார்வைக்கு யாரும் மரியாதை கொடுக்கிற மனிதர். மழைக்கோட்டை வெளியிலேயே கழற்றி உதறி, செருப்பைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். பிரின்சிபலுக்குக் கும்பிடு, ஜோதிலட்சுமிக்குச் சிரிப்பு. ஷஃபானாவைப் பார்த்ததும் முகம் இன்னும் மலர்ந்தது.

"நீங்கதான் ஷஃபானா மேடமா? ரோஹித் வீட்ல உங்க பேச்சுதான். பயந்துட்டீங்களா? காமாலை மேடம், அதுக்கு வெச்ச சூடு. போன தடவையே நீங்க கரெக்டா கண்டுபிடிச்சு சொல்லிட்டீங்களாமே."

பிரின்சிபல் விருட்டென்று திரும்பினார். "நீங்களே சொன்னீங்களா மேடம்?" அவர் முகத்தில் அப்படி ஒரு விடுதலை. பேனா மூடியை இறுக்கிப் பாக்கெட்டில் குத்திக்கொண்டார்.

தன் வாயிலிருந்து விழுந்த வார்த்தை இந்த மனிதர் வாயில் ஏறி உட்கார்ந்துகொண்டு தன்னையே பார்க்கிறது. ஷஃபானாவுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் வெளியே பெஞ்சில் ரோஹித் இருந்தான்.

"ஆமா சார், நான்தான் சொன்னேன்," என்றாள். "பத்தியம் இன்னா குடுக்கறீங்க சார்?"

"பத்தியமா?"

"எனக்கும் சின்ன வயசுல சூடு வெச்சாங்க. எண்ணெயக் கண்ணுலயே காட்டல. பையன் இன்னிக்குப் பூரி கொண்டாந்தான், ஆம்லெட்டு கொண்டாந்தான்."

"அவங்கம்மா கட்டிக் குடுத்திருப்பா. இந்தக் காலத்துல அதெல்லாம் யார் மேடம் பாக்கறாங்க?"

"பத்தியம் பாக்காத வூட்ல, சூடு மட்டும் எப்டி சார் வெச்சாங்க?"

சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் சிரிப்பை விட்டுவிட்டது. பார்த்திபன் பிரின்சிபல் பக்கம் திரும்பினார். "சரி சார், லீவ் சொல்லிடறேன். டாக்டர்கிட்டயே காட்டிடறேன். ரோஹித், பேக்க எடு."

சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தார். அப்பா பிள்ளையைக் கூட்டிப்போகிறேன் என்றால் எந்தப் பள்ளியும் குறுக்கே நிற்காது. ஷஃபானா பின்னாலேயே ஓடிவந்தாள், பிரின்சிபலும் வந்தார். பார்த்திபன் மகனின் பிடரியில் கையை வைத்தார். மெதுவாகத்தான், செல்லம் கொஞ்சுகிற மாதிரிதான் வைத்தார். பையன் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, வரப்போவதற்காகக் காத்திருந்தான்.

வந்தது ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூடிய கண்ணை லக்ஷ்மிநாராயணன் பார்த்துவிட்டார். பிரம்பு புழங்கிய காலத்திலேயே வாத்தியார் வேலைக்கு வந்தவர். பிரம்பு உயர்ந்ததும் பிள்ளைகள் கண்ணை எப்படி மூடுவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் முகம் மாறியது.

"சார், சார், உக்காருங்க," என்றார். "டீ சொல்லியிருக்கேன். இவ்ளோ தூரம் மழையில வந்துட்டு டீ குடிக்காம போகக் கூடாது. மேடம், மந்த்லி டெஸ்ட் ஒண்ணு பாக்கி இருந்துதே, நீங்க ரோஹித்த லைப்ரரியில உக்கார வெச்சு எழுத வெச்சுடுங்க. சார் டீ குடிக்கறதுக்குள்ள முடிச்சிடுவான்."

டீ யாரும் சொல்லவில்லை, டெஸ்ட்டும் கிடையாது. ஷஃபானா பையனின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்னால், "ஜோதிலட்சுமி, எதிர்க் கடையில ஸ்பெஷல் டீ, ஸ்ட்ராங்கா, நின்னு வாங்கிட்டு வாம்மா," என்று பிரின்சிபல் சொல்வது கேட்டது. ஜோதிலட்சுமிக்கு என்ன புரிந்ததோ, ஈ.சி.ஆரைத் தாண்டி டீ வாங்கப் போனவள் போனவள்தான். பயந்த மனிதர் பயந்துகொண்டேதான் இதைச் செய்தார். அதுவரைக்கும் அவர் செய்ததை எல்லாம் அதற்காக மன்னிக்கலாம்.

லைப்ரரியில் அவள் எதுவும் கேட்கவில்லை. ஒரு படப் புத்தகத்தை விரித்து வைத்தாள். பையன் ஒரு பக்கத்தையும் புரட்டவில்லை. வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இரண்டு பேருமே கதவைப் பார்த்தார்கள். ஒரு தடவை பிரின்சிபல் அறைப் பக்கமிருந்து பார்த்திபனின் குரல் உயர்ந்தது. "என்ன சார் விளையாடறீங்களா? என் பையன் சார்." நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஷஃபானா எழுந்துபோய்க் கதவுக்குக் குறுக்கே நின்றாள். அவர் வந்து தள்ளினால் என்ன செய்வோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கதவைத் தட்டியது அவர் அல்ல. மழையில் நனைந்த துப்பட்டாவோடு ஒரு பெண் நின்றாள்.

"வைஷாலி. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுலேர்ந்து வரேன். அவங்கப்பாகூட எங்க போலீஸ் மேடம் பேசிட்டிருக்காங்க."

ஷஃபானாவுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். வெளியே போகத் திரும்பியவளின் முந்தானையை ரோஹித் பிடித்துக்கொண்டான். வைஷாலி அதைப் பார்த்துவிட்டு, "இருங்க மேடம்," என்றாள். பையனுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்து, தன் பேர் சொன்னாள், அவன் பேர் கேட்டாள், புத்தகத்தில் இருந்த யானையைப் பற்றிக் கேட்டாள். பிறகு, "கையில என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்றியா?" என்றாள்.

"காமாலைக்கு சூடு வெச்சது," என்றான் பையன். வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரல்.

வைஷாலி நிமிர்ந்து ஷஃபானாவைப் பார்த்தாள்.

"அது அவன் சொல்றது இல்ல," என்றாள் ஷஃபானா. "நான் குடுத்தது." போன மாதம் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல முகம் வெந்தது.

வைஷாலி திட்டவில்லை. "அப்ப நீங்க குடுத்ததை நீங்களே திருப்பி வாங்கிக்குங்க மேடம். அதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்க."

ஷஃபானா பையனுக்கு முன்னால் மண்டிபோட்டாள். ரவிக்கையின் கையைச் சுருட்டித் தன் தழும்பைக் காட்டினாள்.

"ரோஹித், அன்னிக்கு காமாலைன்னு சொன்னது நீ இல்ல, நான். மிஸ் தெரியாம சொல்லிட்டேன். தப்பு. உன் கையில இன்னா ஆச்சுன்னு மிஸ்ஸுக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். நீ இன்னா சொன்னாலும் மிஸ் கோச்சுக்க மாட்டேன்."

பையன் அந்தத் தழும்பையே பார்த்தான். அப்பாவா, அம்மாவா, எதற்கு என்று ஒரு சொல்லை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட அவளுக்கு நாக்கு துடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். இத்தனை வருஷ வேலையில் ஒரு பிள்ளையின் பதிலுக்காக அவள் இவ்வளவு நேரம் காத்திருந்ததே இல்லை.

ரோஹித் விரலை நீட்டி அவளுடைய தழும்பைத் தொட்டான்.

"இது யாரு வெச்சது மிஸ்?"

"ஊர்ல வைத்தியம் பண்றவரு."

அவன் தன் பழைய தழும்பின்மேல் விரலை வைத்தான். "இது அப்பா. கணக்குல மார்க் கொறைஞ்சதுக்கு." விரல் புதுப் புண்ணுக்கு நகர்ந்தது, தொடாமல் நின்றது. "இதுவும் அப்பா."

"ம்," என்றாள் வைஷாலி.

"மொதல்ல வெச்சப்போ அப்பா பயந்துட்டாரு. ஸ்கூல்ல யாரு பாத்தாங்க, என்ன சொன்னாங்கன்னு கேட்டாரு. மிஸ் பாத்தாங்க, காமாலைன்னு சொன்னாங்கன்னு சொன்னேன். அப்பா சிரிச்சாரு." பையன் ஷஃபானாவின் கையிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. "நேத்து அடுப்புல கரண்டிய வெச்சாரு. வேணாம்ப்பா, மிஸ் பாத்துடுவாங்கன்னு சொன்னேன். ஒங்க மிஸ் நல்ல மிஸ்ஸுடா, ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னாரு."

வைஷாலி பையனின் முதுகில் கை வைத்து, டாக்டர் புண்ணைப் பார்க்க வேண்டும், நாங்கள் கூடவே வருவோம் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஷஃபானா சுருட்டிய கையை இறக்கிவிடாமல் அப்படியே மண்டிபோட்டிருந்தாள்.